பெங்களூரிலிருந்து 108 அடித்தேன், அப்பா இருந்தது சங்கரன்கோவில் பக்கம்

கேட்டவர்: கரிசல்காட்டான்

எல்லாருக்கும் வணக்கம். போன மாதம் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் பதில் சொல்லுங்கள்.

நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். அப்பாவும் அம்மாவும் ஊரில், சங்கரன்கோவிலிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போக வேண்டிய கிராமத்தில் இருக்கிறார்கள். அப்பாவுக்கு 67 வயது. சர்க்கரையும் பிரஷரும் உண்டு. ஒரு செவ்வாய்க்கிழமை விடியக்காலை 5.20-க்கு அம்மா போன் அடித்தார்கள். "ஏய்யா, அப்பாக்கு வாயி ஒரு பக்கமாக் கோணிக்கிட்டு வருது. சோத்துக்கை வெளங்க மாட்டேங்குது. கூப்பிட்டா முழிக்காக, பேச்சு வரல" என்றார்கள்.

பக்கவாதம் என்று எனக்கு உடனே பட்டது. "போனை வைங்கம்மா, நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு 108 அடித்தேன். கன்னடத்தில் எடுத்தார்கள். பெங்களூரில் எந்த ஏரியா என்று கேட்டார்கள். நான் தமிழ்நாடு, சங்கரன்கோவில் என்று கத்திக்கொண்டிருக்கிறேன். எதிர்முனையில் இருந்த பெண் பொறுமையாகத்தான் சொன்னார்: இது கர்நாடகா, இங்கிருந்து அங்கே வண்டி அனுப்ப வழியில்லை, வீட்டில் இருப்பவர்களையே அடிக்கச் சொல்லுங்கள் என்று. அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை. அப்புறம் 112 அடித்தேன். அதுவும் இங்கேயே எடுத்தார்கள்.

திரும்ப அம்மாவுக்கு அடித்தால் லைன் பிஸி. கோவில்பட்டி அத்தைக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். நாலைந்து நிமிடம் கழித்துத்தான் கிடைத்தார்கள். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அதில் 108 அடித்து, அழுதுகொண்டே பேசியிருக்கிறார்கள். எந்த மாவட்டம் என்று கேட்டதற்குத் திருநெல்வேலி ஜில்லா என்று சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் தென்காசி மாவட்டம் ஆகி வருஷக்கணக்காகிறது, அம்மா வாயில் இன்னும் பழைய பெயர்தான். ஊரைக் கண்டுபிடிக்க அங்கே கொஞ்ச நேரம் போயிருக்கிறது. கடைசியில் பக்கத்து வீட்டுப் பையன் போனை வாங்கி விவரம் சொல்லியிருக்கிறான்.

வண்டி கிளம்பியது. ஆனால் வழி கேட்பதற்காக அவர்கள் அடித்தபோதெல்லாம் அம்மாவின் போன் பிஸி. பாதி நேரம் நான்தான் அடித்துக்கொண்டிருந்தேன். வண்டி வரவில்லை என்று நினைத்து, 6.10-க்கு ஒரு குட்டி யானையில் மெத்தையைப் போட்டு அப்பாவைப் படுக்கவைத்துக் கிளம்பிவிட்டார்கள். மெயின் ரோட்டில் ஆம்புலன்ஸ் எதிரே வந்ததாம். யாருக்கும் யாரையும் தெரியாததால் இரண்டும் ஒன்றையொன்று கடந்து போயிருக்கின்றன.

7.40-க்கு ஆஸ்பத்திரி சேர்ந்தார்கள். ஸ்கேன் எடுத்து, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். அந்த ஊசிக்கு நாலரை மணி நேரக் கெடு இருக்கிறதாம். அப்பா இப்போது குச்சி ஊன்றி நடக்கிறார். பேச்சு இன்னும் குழறுகிறது.

அன்றைக்கு நான் என்ன செய்திருக்க வேண்டும்? இனிமேல் இப்படி ஒன்று வந்தால் அம்மா தனியாகவே கூப்பிடும்படி என்னென்ன ஏற்பாடு செய்து வைக்கலாம்? அடுத்த வாரம் ஊருக்குப் போகிறேன்.

பதில்: சிவகாசி தம்பி

அண்ணே, அப்பா பிழைத்தாரே, அது போதும். என்னைக் கேட்டால் கிராமத்தில் ஆம்புலன்ஸை நம்பி உட்காரவே கூடாது. தெருவில் கார் வைத்திருக்கும் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எங்கள் தாத்தாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது நாங்கள் யாருக்கும் போன் பண்ணவில்லை, நேராகக் காரில் போட்டுக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். 25 நிமிடம்தான் ஆனது.

பதில்: பழைய இஎம்டி

தம்பி கரிசல்காட்டான், நான் 2011 முதல் 2020 வரை தென்மாவட்டங்களில் 108 வண்டியில் இஎம்டியாக இருந்தேன். இஎம்டி என்றால் பின்னால் நோயாளியோடு இருப்பவர். ஓட்டுபவரை நாங்கள் பைலட் என்போம். நீங்கள் எழுதியதைப் படித்தபோது, எதிரே வந்த அந்த வண்டிக்குள் நான் உட்கார்ந்திருந்த மாதிரியே இருந்தது. எத்தனையோ தடவை அப்படி வெறும் வண்டியோடு திரும்பியிருக்கிறோம்.

முதலில் உங்கள் கேள்விக்கு வருகிறேன். 108 போன்ற மூன்றிலக்க எண்கள் நீங்கள் நிற்கும் இடத்து டவரைப் பிடித்துத்தான் போகும். சிம் எந்த ஊரில் வாங்கியது, நோயாளி எங்கே இருக்கிறார் என்பதற்கெல்லாம் அங்கே வேலையில்லை. பெங்களூரில் நின்று அடித்தால் கர்நாடகம்தான். ஆனால் தமிழ்நாட்டுக்குள் எந்த மூலையிலிருந்து 108 அடித்தாலும் இங்குள்ள மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போகும். கோவில்பட்டி அத்தையே உங்கள் ஊருக்கு வண்டி கேட்கலாம். சென்னையில் ஒரு சிநேகிதர் இருந்தால் அவரும் கேட்கலாம். அதனால் நீங்கள் செய்ய வேண்டிய முதல் காரியம், தமிழ்நாட்டுக்குள் இருக்கிற, ராத்திரி எத்தனை மணிக்கு அடித்தாலும் போனை எடுக்கிற ஒருவரைப் பிடித்துவைப்பது. உங்கள் வீட்டு முகவரி, வழி, பக்கத்து வீட்டுக்காரர் நம்பர் எல்லாம் அவர் போனில் எழுத்தாக இருக்க வேண்டும். வெளிமாநிலத்தில், வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற எல்லா வீட்டுக்கும் இது பொருந்தும்.

எல்லைப்பக்க ஊர்களில் இதே சங்கடம் வேறு விதமாக வரும். ஓசூர், வாளையார், செங்கோட்டை தாண்டிப் புளியரை மாதிரி இடங்களில் போன் சில சமயம் அடுத்த மாநிலத்து டவரைப் பிடித்துக்கொள்ளும். அங்கே நின்று அடிப்பவர்கள் எடுத்த எடுப்பிலேயே மாநிலத்தைச் சொல்லிவிட்டால் நேரம் மிச்சம்.

அடுத்தது இடம் சொல்வது. பதற்றத்தில் எல்லாரும் "சீக்கிரம் வாங்க, உயிருக்குப் போராடுறாரு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அது மனித இயல்பு. ஆனால் அழைப்பு இடையில் அறுந்துபோனால் எங்களிடம் மிஞ்சுவது அந்த ஒரு வாக்கியம்தான். எங்கே என்பது முதலில் வந்துவிட்டால், லைன் போனாலும் வண்டியை நகர்த்த முடியும். மாவட்டம், தாலுகா, ஊராட்சி, ஊர், தெரு என்று பெரியதிலிருந்து சிறியதற்கு வாருங்கள். நம் பக்கத்தில் புதூர் எத்தனை, புதுப்பட்டி எத்தனை, நல்லூர் எத்தனை! உங்கள் அம்மாவுக்கு நேர்ந்தது அவருக்கு மட்டும் நேர்ந்ததில்லை. 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் பிரிந்த பிறகு, நான் வேலையை விடும் வரைக்கும், வயதானவர்கள் திருநெல்வேலி என்றுதான் சொன்னார்கள். மாரியம்மன் கோயில் பக்கத்தில் என்று மட்டும் சொல்லாதீர்கள். மாரியம்மன் கோயில் இல்லாத ஊர் எது? மேல்நிலைத் தொட்டி, ரேஷன் கடை, பள்ளிக்கூடம் மாதிரி ஊருக்கு ஒன்றாக இருப்பதைச் சொல்லுங்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. 108-க்கு எந்த போனிலிருந்து பேசினீர்களோ அந்த நம்பர் வண்டியில் இருக்கிற எங்களுக்கு வந்துவிடும். நாங்கள் கிளம்பியதும் அதற்குத்தான் அடிப்போம். வழி கேட்க மட்டும் இல்லை, மூச்சு எப்படி இருக்கிறது, நினைவு இருக்கிறதா என்று கேட்டு, நாங்கள் வரும்வரை என்ன செய்யலாம் என்று சொல்லவும்தான். அதனால் வண்டி வாசலுக்கு வரும்வரை அந்த போனில் வேறு யாருக்கும் பேசக் கூடாது, யார் அடித்தாலும் எடுத்துப் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. சொந்தக்காரர்களுக்குச் சொல்ல வேண்டுமென்றால் வேறு ஒரு போன், வேறு ஒரு ஆள்.

ஒரு ராத்திரி எனக்கு இன்றும் மறக்கவில்லை. கட்டுவிரியன் கடித்த கேஸ். தரையில் படுத்திருந்த பதினைந்து வயதுப் பையன். மழை தூறிக்கொண்டிருந்தது. ஊருக்குள் போகும் பாதை ஒரு முக்கில் இரண்டாகப் பிரிந்தது. எந்தப் பக்கம் போவது என்று கேட்க அடித்தோம். "நீங்கள் தொடர்புகொள்ளும் நபர் வேறொரு அழைப்பில் இருக்கிறார்" என்ற பதிவுக்குரல். விட்டு விட்டு அடித்தோம். பைலட் விரல்விட்டு எண்ணினார், பதினோரு தடவை. ஒவ்வொரு தடவையும் அதே குரல். வைப்பர் இழுத்துக்கொண்டிருக்கிறது, இரண்டு பாதையிலும் ஒரே இருட்டு. தப்பான பாதையில் போய்த் திரும்பினால் கால் மணி நேரம் போய்விடும். சைரனைப் போட்டு அப்படியே நின்றோம். சத்தம் கேட்டு, தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, டார்ச்சைச் சுழற்றியபடி ஒரு பெரியவர் வலது பக்கத்துப் பாதையில் ஓடி வந்தார். பையன் பிழைத்தான். அந்த போனில் யார் பேசிக்கொண்டிருந்தார்கள் தெரியுமா? பையனின் அப்பா, திருப்பூரில் இருக்கும் தன் மச்சானிடம், "இன்னும் வண்டி வரல மாப்ளே" என்று அழுதுகொண்டிருந்தார்.

அதனால்தான், போனைக் காலியாக வைப்பதோடு, ஒரு ஆளை டார்ச்சோடு மெயின் ரோட்டு முக்குக்கு அனுப்பிவிடுங்கள் என்கிறேன். டார்ச் இல்லாவிட்டால் போன் வெளிச்சம் போதும். ஆனால் அது 108-க்குப் பேசிய போனாக இருக்கக் கூடாது.

பேசும்போது ஸ்பீக்கரில் போடுங்கள். கை இரண்டும் நோயாளிக்குத் தேவைப்படும். பக்கவாதம் என்றால் தண்ணீரோ மாத்திரையோ வாயில் ஊற்றக் கூடாது, விழுங்க முடியாமல் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று யாராவது சொல்ல வேண்டும். நீங்கள் சொன்ன நாலரை மணி நேரத்தை டாக்டர்கள் அங்கிருந்துதான் எண்ணுவார்கள். எங்கள் காலத்தில் பல வீடுகளில் அதற்கு ஒரே சாட்சி போனில் இருந்த முதல் அழைப்பின் நேரம்தான். உங்கள் வீட்டில் அது 5.20. ஆனால் அப்பா கடைசியாக நன்றாக இருந்தது அதற்கும் முன்னால்தான்.

அம்மாவின் போனில் ரீசார்ஜ் முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். 108-க்கு அடிக்கக் காசு வேண்டாம். ஆனால் வேலிடிட்டி போய்ச் சில நாளானால் உள்ளே வரும் அழைப்பும் நின்றுவிடும், நாங்கள் திரும்ப அடிக்க முடியாது. பிள்ளைகள் மாதாமாதம் மருந்துக்குக் காசு அனுப்புவார்கள், இதை மறந்துவிடுவார்கள்.

சிவகாசி தம்பிக்கு: நீங்கள் சொல்வது சில இடங்களில் சரி. வண்டி வர ஒரு மணி நேரம் ஆகும் என்று கட்டுப்பாட்டு அறையிலேயே சொல்லிவிட்டால், கிடைக்கிற காரில் கிளம்ப வேண்டியதுதான். ஆனால் கூப்பிடாமலே கிளம்பாதீர்கள். வண்டியில் ஆக்சிஜன் இருக்கிறது, கூட ஒரு பயிற்சி பெற்ற ஆள் இருக்கிறார், எந்த ஆஸ்பத்திரியில் ஸ்கேன் இருக்கிறது என்று தெரிந்து நேராக அங்கே போகும். நெஞ்சுவலிக்காரர் காரின் பின்சீட்டில் மூச்சு நின்று போனால் என்ன செய்வீர்கள்? வழியில் ஓர் இடத்தில் காரும் ஆம்புலன்ஸும் சந்தித்து ஆளை மாற்றிக்கொள்ளவும் ஏற்பாடு செய்யலாம். அப்படி நிறையச் செய்திருக்கிறோம். அதற்கும் போன் காலியாக இருக்க வேண்டும்.

பதில்: சிவகாசி தம்பி

சரிதான் அண்ணே. பாதி வழியில் ஆளை மாற்றலாம் என்பது எனக்குத் தெரியாது. நன்றி.

பதில்: மீனாட்சிபுரத்தாள்

இஎம்டி அண்ணன் சொன்னதை அச்செடுத்து எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒட்டப்போகிறேன். நான் மதுரையில் ஆரம்பப்பள்ளி ஆசிரியை. போனுக்குள்ளேயே செய்துவைக்க வேண்டியதைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன், கரிசல்காட்டான் தம்பி.

112-ஐ அம்மாவுக்குக் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுங்கள். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் பொதுவான எண். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் வந்தது. அதற்கு இன்னொரு பலம் உண்டு. நம் கம்பெனி சிக்னல் இல்லாத இடத்தில் போன் திரையில் "அவசர அழைப்பு மட்டும்" என்று வரும். வேறு கம்பெனி டவர் ஒன்று எட்டுகிறது என்று அதற்கு அர்த்தம். 112 உலகம் முழுக்கப் போன்களுக்குள்ளேயே பதிந்திருக்கிற எண் என்பதால் அந்த டவர் வழியாகப் போக வாய்ப்பு அதிகம். மற்ற எண்களை அந்த அளவு நம்ப முடியாது. சிம்மே இல்லாத போனை மட்டும் எதற்கும் நம்பாதீர்கள்.

இந்தியாவில் 2017 ஜனவரியிலிருந்து விற்கிற போன்களில் ஆபத்துப் பட்டன் இருக்க வேண்டும் என்பது அரசு விதி. பட்டன் போன் என்றால் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடிப்பது. டச் போன் என்றால் பவர் பட்டனை வேகமாக மூன்று தடவை தட்டுவது. ஆனால் அந்த டச் போன் ஆண்ட்ராய்டு வகையாக இருந்தால் பெரும்பாலும் ஐந்து தடவை. அம்மாவின் போன் எந்த வகை என்று செட்டிங்கில் பாருங்கள். சும்மா சோதித்துப் பார்க்கிறேன் என்று நிஜமாகவே 112 போட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டுக்காரர் பைக்கில் போகும்போது பாக்கெட்டில் பட்டன் அமுங்கி ஒருமுறை போய்விட்டது. பயந்துபோய்க் கட் பண்ணிவிட்டார். உடனே அங்கிருந்து திரும்ப அழைப்பு வந்தது. அதையும் எடுக்கவில்லை. அப்புறம் நான் எடுத்து, தெரியாமல் பட்டுவிட்டது, யாருக்கும் ஆபத்தில்லை என்று சொன்னேன். கட் பண்ணிவிட்டு மௌனமாக இருந்தால், நமக்கு என்னமோ ஆகிவிட்டது என்று அவர்கள் தேட வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் நிஜமாகவே அடிக்கிற ஒருவர் காத்திருப்பார். தவறிப் போனால் லைனிலேயே இருந்து சொல்லிவிடுங்கள்.

உங்கள் போனிலும் ஒன்று செய்யுங்கள். திரை பூட்டியிருக்கும்போதே தெரிகிற மாதிரி அவசரத் தொடர்பு எண்கள், ரத்த வகை, சர்க்கரை இருக்கிறதா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதையெல்லாம் பதிந்துவைக்கலாம். பூட்டிய திரையின் அடியில் "அவசர அழைப்பு" என்று இருக்கும், அதைத் தொட்டால் வரும். என் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைத்தான் காட்டுகிறேன். அம்மா மயங்கி விழுந்தால் அம்மாவின் போன் லாக் பிள்ளைக்குத் தெரியாது. லாக்கே திறக்காமல் அடிக்கலாம் என்று தெரிந்தால் போதும். ஒரு அட்டையில் போன் படம் வரைந்து, நான் கட்டுப்பாட்டு அறை மாதிரிப் பேச, பிள்ளைகள் தங்கள் தெருப் பெயரைச் சொல்லிப் பழகுவார்கள். முதல் நாள் முப்பத்திரண்டு பேரில் ஒன்பது பேருக்குத்தான் தெருப் பெயர் தெரிந்தது.

தெரியாத எண்களை மௌனமாக்கும் வசதியைப் போட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். ஆம்புலன்ஸ்காரர் உங்களுக்குத் தெரியாத எண்தானே!

கேஸ் வாடை வந்தால் மட்டும் எல்லாமே தலைகீழ். போனை எடுக்காதீர்கள், சுவிட்சைத் தொடாதீர்கள். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து, தெருவில் தள்ளி நின்றுகொண்டு 1906-க்கு அடியுங்கள். போன வருஷம் எங்கள் எதிர்வீட்டு அக்கா அடுப்படிக்குள் நின்றுகொண்டே எனக்கு போன் பண்ணி, "டீச்சர், கேஸ் வாடை அடிக்குது, என்ன பண்ண?" என்று கேட்டார். நான் போய்க் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். அன்றைக்கு எனக்கு வந்த படபடப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

பதில்: நாமக்கல் டாரஸ்

நான் லாரி டிரைவர். 22 வருஷமாக ரோட்டில் இருக்கிறேன். ரோட்டில் அடிபட்டால் போன் பண்ணுகிறவரே அடுத்து அடிபடுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான்குவழிச் சாலையில் விபத்தைப் பார்த்தால், காதில் போனை வைத்துக்கொண்டு ரோட்டு நடுவில் நிற்காதீர்கள். வண்டியை ஓரங்கட்டி, நாலு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நின்று பேசுங்கள். நின்ற வண்டிக்குப் பின்னால் நிற்கவே நிற்காதீர்கள். ராத்திரியில் 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற எங்களுக்கு ஒரு ஆள் கண்ணுக்குத் தெரிந்த பிறகு லோடு வண்டியை நிறுத்தத் தூரம் போதாது.

இடம் சொல்ல ஊர்ப்பெயரே வேண்டாம். ஓரத்தில் மஞ்சள் தலை போட்ட கிலோமீட்டர் கல் இருக்கும், நடுவில் 200 மீட்டருக்கு ஒரு சின்னக் கல் இருக்கும். அந்த நம்பரைப் படியுங்கள். கூடவே எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள்: கோவில்பட்டி தாண்டி, மதுரை போகிற பக்கம் என்கிற மாதிரி. இதை யாரும் சொல்வதில்லை. ஆம்புலன்ஸ் எதிர்ப்பக்கம் வந்துவிட்டால் கண்ணுக்கு முன்னால் ஆள் கிடப்பார், ஆனால் நடுவில் தடுப்பு இருக்கும். அடுத்த திருப்பம் வரை போய்ச் சுற்றி வர வேண்டும். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற எண்ணும் இருக்கிறது, டோல்கேட் பக்கத்து ஆம்புலன்ஸையும் கிரேனையும் அவர்கள் அனுப்புவார்கள்.

கரண்ட் கம்பி அறுந்து வண்டிமேல் கிடந்தால் தள்ளி நின்றே போன் பண்ணுங்கள், கிட்டப் போகாதீர்கள்.

போன் பண்ணினால் போலீஸ் கேஸ் என்று அலைய விடுவார்கள் என்று பயந்து நிறையப் பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். நானும் முதல் பத்து வருஷம் அப்படித்தான் போனேன். அது இன்றைக்கும் உறுத்துகிறது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 134ஏ என்று ஒரு பிரிவு சேர்த்திருக்கிறார்கள். உதவி செய்கிறவர் விருப்பமில்லாவிட்டால் பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அதைத் தெரிந்துகொண்ட பிறகு இதுவரை ஏழு தடவை அடித்திருக்கிறேன்.

பதில்: பழைய இஎம்டி

டாரஸ் அண்ணாச்சி சொன்ன "எந்தப் பக்கம்" என்பதை நான் எழுத மறந்துவிட்டேன். நூற்றுக்கு நூறு உண்மை. எனக்கே அப்படி நேர்ந்திருக்கிறது, தடுப்பு ஏறிக் குதித்துப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

பதில்: கரிசல்காட்டான்

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. ஊருக்குப் போய்விட்டு நேற்றுத்தான் திரும்பினேன். என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.

கோவில்பட்டி அத்தை மகன்தான் எங்கள் வீட்டுக்கு இனி ஆம்புலன்ஸ் கூப்பிடும் ஆள். அவன் போனில் எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அம்மாவுக்கு ஒரே ஒரு விதி: முதலில் 108, அப்புறம் பக்கத்து வீட்டுப் பையன், எனக்கு மூன்றாவதாகத்தான் அடிக்க வேண்டும், அதுவும் அப்பாவின் போனிலிருந்து. "உனக்குச் சொல்லாம எப்படிய்யா?" என்று அம்மாவுக்கு வருத்தம். விரியன் கடித்த அந்தப் பையன் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அந்தப் புள்ள பிழைச்சிட்டானா?" என்றார்கள். பிழைத்துவிட்டான் என்றதும் சரி என்றார்கள்.

அம்மாவின் ரீசார்ஜ் முடிந்து நாலு நாளாகியிருந்தது. ஒரு வருஷத்துக்குச் சேர்த்துப் போட்டுவிட்டேன். 9-ஐ அழுத்திப் பிடித்தால் என்ன வரும் என்று சொல்லி வைத்தேன். அடித்துப் பார்க்கவில்லை.

அடுப்படிச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில், நீலப் பெயின்ட்டில் பெரிய எழுத்தில் எழுதிவைத்தேன்: தமிழ்நாடு, தென்காசி மாவட்டம், சங்கரன்கோவில் தாலுகா, ஊராட்சி, ஊர், தண்ணித் தொட்டிக்கு மேற்கே மூன்றாவது வீடு. அம்மாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். டீச்சரக்கா சொன்ன மாதிரி ஒரு தீப்பெட்டியைப் போனாக வைத்துக்கொண்டு, நான் கட்டுப்பாட்டு அறைக்காரனாகப் பேசிப் பழகினோம்.

"எந்த மாவட்டம்மா?" என்று கேட்டேன். சுவரைப் பார்க்காமலே, "திருநெல்வேலி ஜில்லா" என்று ஆரம்பித்தார்கள். கட்டிலில் படுத்திருந்த அப்பா தலையைத் தூக்கி, இடது கையால் சுவரைக் காட்டி, "தெ... தெங்காசி" என்றார். நோய் வந்த பிறகு அவர் வாயிலிருந்து எங்கள் எல்லாருக்கும் விளங்கும்படி வந்த முதல் வார்த்தை அதுதான்.